அந்தச் ‘சிலர்’ யார்?

தமிழ்ப் பட்டப்படிப்புக்காக நான் எழுதிய கட்டுரை என் கைக்குத் திரும்பி வந்து எட்டு மாதம் ஆகிறது. மதிப்பெண் அப்போது வலித்தது, இப்போது வலிக்கவில்லை. ஆனால் மூன்றாம் பக்கத்தில் ஒரு சொல்லைச் சுற்றி விரிவுரையாளர் போட்டிருந்த சிவப்பு வட்டம் இன்னும் என்னை விடவில்லை. ‘பழமையில் ஊறிய சிலர் பேச்சுத் தமிழை வகுப்பறைக்குள் விட மறுக்கிறார்கள்’ என்று எழுதியிருந்தேன். வட்டம் ‘சிலர்’ என்ற சொல்லுக்கு. ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி: ‘யார்?’ ஒன்பது பக்கத்தில் அவர் எழுதியிருந்தது அவ்வளவுதான். சந்திப் பிழை இல்லை, நடை பற்றிக் குறை சொல்லவில்லை, சான்று போதாது என்றும் சொல்லவில்லை. யார் என்று மட்டும் கேட்டிருந்தார். வேலைக்குப் போகும்போது எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எனக்குப் பதில் தெரியவில்லை. நான் யாரை நினைத்து அதை எழுதினேன்? ஒருவர் முகமும் நினைவுக்கு வரவில்லை.

பகலில் ஒரு சரக்கு நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறவள் நான். நாற்பது வயதுக்கு மேல், மகள் வளர்ந்த பிறகு, பகுதிநேரமாகத் தமிழில் பட்டம் படிக்கச் சேர்ந்தேன். பள்ளி நாளிலிருந்தே பேச்சுப்போட்டி என்றால் முதலில் பேர் கொடுப்பேன். சமூக மன்றத்தில் பட்டிமன்றம் என்றால் கூப்பிடுவார்கள். ஏப்ரலில் தமிழ்மொழி விழா வந்தால் ஒரு வாரயிறுதியாவது மேடையில்தான் போகும். அதனால் ‘சிங்கப்பூரில் தமிழ் வீட்டுமொழியாக நிலைக்கப் பள்ளிகள் எழுத்துத் தமிழைவிடப் பேச்சுத் தமிழுக்கே முதலிடம் தரவேண்டும், இக்கூற்றை ஆராய்க’ என்று தலைப்பு வந்தபோது, இது நமக்கு வராததா என்ற தெம்போடு உட்கார்ந்தேன். பாரதியார் வரியோடு தொடங்கி, மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து இரண்டு எண்களைப் போட்டு, பாட்டிமாரும் பேரப்பிள்ளைகளும் பேசிக்கொள்ள முடியாமல் தவிப்பதை இரண்டு பக்கம் எழுதி, ‘சிலர்’ மேல் பாய்ந்து, தமிழ் வாழப் பேசுவோம் என்று முடித்தேன். எழுதி முடித்துப் படித்தபோது எனக்கே கண் கலங்கியது. அந்த அக்கறை உண்மை, இன்றும் அது குறையவில்லை. ஆனால் அந்தக் கட்டுரை யாரையும் ஓர் அடிகூட நகர்த்தியிருக்காது என்பதும் உண்மை. ஏற்கெனவே என் பக்கம் இருப்பவர் தலையாட்டியிருப்பார். மறுபக்கம் இருப்பவர் முதல் பத்தியிலேயே தாளை மூடி வைத்திருப்பார். பாரதியார் சொன்னால் தமிழ்மேல் பற்று வரும். இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எதை முதலில் கற்றுக்கொடுப்பது என்பதற்கு அது எப்படிச் சான்றாகும்?

மேடையும் தாளும்

பட்டிமன்றத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். தமிழில் நாலு பேர் முன்னால் நின்று பேசும் தைரியத்தை எனக்குக் கொடுத்ததே அதுதான். ஆனால் மேடையில் வாதம் நடக்கும் விதம் வேறு. அங்கே எதிரணியில் இருப்பவர் என் நண்பர். அவருக்கு அந்தத் தலைப்பைக் கொடுத்ததால் அப்படிப் பேசுகிறார். அவரை நான் மாற்ற வேண்டியதில்லை. மாற்றவேண்டியது கூட்டத்தின் மனநிலையை, அதுவும் அந்த ஒரு மணி நேரத்துக்கு. ஒரு நல்ல உதாரணம், ஒரு குறள், குரலில் ஓர் ஏற்றம், உடனே கைதட்டல். அந்தக் கைதட்டல், நான் சொன்ன ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவே இருக்கும் ஓட்டையை மூடிவிடும். தாளில் அந்த உதவி கிடையாது. படிக்கிறவர் எந்த வரியிலும் நிறுத்தலாம். ‘அதனால்’ என்று நான் எழுதிய இடத்தில் விரலை வைத்து, எதனால் என்று கேட்கலாம். நடுவர், பார்வையாளர், எதிரணி எல்லாமே அவர் ஒருவர்தான். இது புரியாமல், மேடைப் பேச்சைத் தாளில் இறக்கி வைத்திருந்தேன்.

கட்டுரை திரும்பி வந்த சூட்டில் இன்னொரு தப்பும் செய்தேன். மறுபக்கத்தைச் சொல்லவில்லை என்பதுதானே குறை, சரி, சொல்லிவிடலாம் என்று, யாரும் கேட்காமலே இரண்டாம் முறை எழுதினேன். ஒருபுறம் இப்படி, மறுபுறம் அப்படி என்று பத்தி பத்தியாக அடுக்கி, பேச்சும் எழுத்தும் இரு கண்கள் என்று தீர்ப்புச் சொல்லி முடித்தேன். படித்துப் பார்த்தால் முதல் கட்டுரையைவிட மோசம். முதலாவதில் நான் என்ன நினைக்கிறேன் என்பதாவது தெரிந்தது. இதில் அதுவும் இல்லை. எதிர்வாதத்தைச் சேர்ப்பது என்றால் ஆளுக்குப் பாதிப் பக்கம் பங்கு போட்டுக் கொடுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். என் மகளின் தொடக்கக்கல்லூரி நண்பர்கள் எழுதும் ஜிபி (ஆங்கிலப் பொதுத்தாள்) கட்டுரைகளிலும் இதைப் பார்த்திருக்கிறேன். ஒன்றரை மணி நேரத்தில் 500 முதல் 800 சொற்களுக்குள் எழுதவேண்டிய பிள்ளைகள். பயத்தில் இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் சொல்லிவிட்டு நடுவில் நின்றுவிடுகிறார்கள்.

நன்னூல் பாயிரத்தில் எழுவகை மதம் என்று ஒரு பட்டியல் வரும். 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் சொன்னது. ஒரு நூலாசிரியன் பிறர் கருத்தை எதிர்கொள்ளும் ஏழு விதங்கள். தேர்வுக்காக அதை மனப்பாடம் செய்து எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியவள் நான். உடன்படல், மறுத்தல் என்று தொடங்கும். மூன்றாவது ‘பிறர்தம் மதமேற்கொண்டு களைவு’. ஐந்தாவது ‘இருவர் மாறுகோள் ஒருதலை துணிவு’. இரண்டு பேர் மாறுபட்டு நின்றால் ஒரு பக்கத்தைத் துணிந்து எடுக்கவேண்டும். இரு கண்கள் என்று சொல்லித் தப்பிக்க அதில் இடமில்லை. ஆனால் என்னை அதிக நாள் பிடித்துவைத்திருந்தது மூன்றாவதுதான். களைவதற்கு முன்னால் ‘மேற்கொண்டு’ என்று ஒரு சொல் இருக்கிறது. பிறருடைய கருத்தை முதலில் தன் மேல் ஏற்றுக்கொள்ள வேண்டும், அப்புறம்தான் நீக்க முடியும். நான் ‘சிலர்’ கருத்தை மேற்கொள்ளவே இல்லை. அதைத் தொடாமலே தூக்கி எறிந்திருந்தேன்.

சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் இந்த வேலை எவ்வளவு பொறுமையாக நடக்கிறது என்பதையும் அந்தப் பருவத்தில்தான் கவனித்தேன். அருணந்தி சிவாச்சாரியார் தன் கொள்கையைச் சொல்வது சுபக்கம். அதற்கு முன்னால் பரபக்கம் என்று ஒரு பெரும் பகுதி: கண்ணால் காண்பதை மட்டும் நம்பும் உலகாயதத்தில் தொடங்கிப் பதினான்கு மதங்களை எடுத்து, ஒவ்வொன்றும் என்ன சொல்கிறது என்று முதலில் அவர்கள் வாயாலேயே சொல்லவிட்டு, பிறகு மறுக்கிறார். உலகாயதத்தை நம்பியவர் எழுதிய தமிழ் நூல் எதையும் நான் படித்ததில்லை. அவர்கள் என்ன நினைத்தார்கள் என்று எனக்குத் தெரிவது, அவர்களை மறுத்தவர் அக்கறையாக எழுதி வைத்ததால். என் கட்டுரையைப் படித்து, பேச்சுத் தமிழுக்கு முதலிடம் வேண்டாம் என்பவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்று யாராவது தெரிந்துகொள்ள முடியுமா? ஒரு வரி கிடைக்காது. ‘பழமையில் ஊறிய’ என்ற வசவு மட்டும் கிடைக்கும்.

படிவம் நம் வீட்டுக்கு வந்திருந்தால்

இதெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேனே தவிர, உண்மையில் எனக்கு உறைத்தது ஒரு வெள்ளிக்கிழமை இரவில், சாப்பாட்டு மேசையில். மகள் ஜிபி வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். அவள் மேசையில் எப்போதும் ஒரு மஞ்சள் தாள் ஒட்டியிருக்கும்: பீல். கருத்து, சான்று, விளக்கம், இணைப்பு என்பதற்கான ஆங்கில முதலெழுத்துகள். பத்திக்குப் பத்தி அதைச் சரிபார்ப்பாள். பக்கத்தில் என் கட்டுரையைப் போட்டு வைத்திருந்தேன். அதை இழுத்துப் பார்த்தாள். தமிழ் வாசிப்பு அவளுக்கு மெதுவாகத்தான் வரும், ஆனால் எண்கள் கண்ணில் பட்டுவிட்டன. 2010 கணக்கெடுப்பில் வீட்டில் தமிழை அதிகம் பேசுவோர் சிங்கப்பூர்வாசிகளில் 3.3 விழுக்காடு, 2020-இல் 2.5 விழுக்காடு. அந்த இரண்டு எண்களை வைத்துத்தான் ‘வீடுகளில் தமிழ் அழிந்துகொண்டிருக்கிறது’ என்று எழுதியிருந்தேன். என் கட்டுரையின் மொத்தப் பாரமும் அந்த ஒரு தூணில்தான் இருந்தது.

“அம்மா, கேள்வி என்ன கேட்டிருக்காங்க? ‘அதிகமா’ பேசற மொழின்னு தானே? அப்ப ஒரு ஆளுக்கு ஒரு மொழிதான் வரும்,” என்றாள். ஆமாம் என்றேன். “அந்தப் படிவம் நம்ம வீட்டுக்கு வந்திருந்தா எனக்கு என்ன எழுதியிருப்பீங்க?”

2020 கணக்கெடுப்பில் இந்த விவரங்களை ஏறத்தாழ 150,000 வீடுகளில்தான் கேட்டார்கள். எங்கள் வீட்டுக்கு வரவில்லை. ஆனால் வந்திருந்தால் மகளுக்கு ஆங்கிலம் என்றுதான் எழுதியிருப்பேன், அதில் சந்தேகமே இல்லை. என்னிடம் அவள் பாதி ஆங்கிலம், அப்பாவிடம் முக்கால்வாசி ஆங்கிலம், தம்பியிடம் முழுக்க ஆங்கிலம். ஆனால் அந்த நேரத்தில் உள்ளறையில் என் மாமியார் படுத்திருந்தார். ஒவ்வொரு இரவும் அவர் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே அரைமணி நேரம் பேசுவது மகள்தான். பள்ளியில் யார் என்ன சொன்னார்கள், கான்டீனில் மீ கோரெங் என்ன விலை, எந்த ஆசிரியருக்குக் கல்யாணம், எல்லாம் தமிழில். அந்த அரைமணி நேரம் என் எண்ணில் எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. என் வீட்டுத் தமிழை நானே செத்ததாகக் கணக்கு எழுதி, அதற்கு அழுதும் இருக்கிறேன்.

அன்று இரவு தூங்காமல் கணக்கெடுப்பு அறிக்கையைத் திறந்து முழுதாகப் படித்தேன். முன்பு எனக்கு வேண்டிய வரியை மட்டும் எடுத்துக்கொண்டு மூடியிருந்தேன். அதே பகுதியில் இன்னோர் எண் இருந்தது: வீட்டில் ஆங்கிலத்தை அதிகம் பேசுவோரில் 87 விழுக்காட்டினர் தாய்மொழி ஒன்றையும் பேசுகிறார்கள். இது என் பக்கத்தைக் கவிழ்க்கும் சான்று, அது என் கண் முன்னாலேயே இருந்திருக்கிறது. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் தாவிவிடவும் முடியாது. அந்த 87 எல்லா இனத்தவருக்கும் சேர்த்துச் சொன்னது. தமிழர்களுக்கு மட்டும் எவ்வளவு என்று அந்த வரி சொல்லவில்லை. தாய்மொழியும் பேசுகிறோம் என்றால் அரைமணி நேரமா, ‘சாப்பிட்டியா’ என்ற ஒரு கேள்வியோடு சரியா என்பதும் அதில் தெரியாது. அதோடு தமிழ் மட்டும் இறங்கவில்லை. அதே பத்தாண்டில் மாண்டரின் 35.6-இலிருந்து 29.9-க்கும், மலாய் 12.2-இலிருந்து 9.2-க்கும் இறங்கியிருக்கின்றன, ஆங்கிலம் 32.3-இலிருந்து 48.3-க்கு ஏறியிருக்கிறது. எல்லா மொழிகளுக்கும் சேர்த்து நடந்த ஒன்றுக்கு, தமிழ் வகுப்பு எழுத்துத் தமிழைப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் காரணம் என்று நான் எப்படிச் சொன்னேன்?

புகையும் அடுக்களையும்

மணிமேகலையின் 29-ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் சொல்லிக்கொடுப்பார். பாடமாகப் படித்தபோது வறட்சியாக இருந்த பகுதி. இந்த மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம். புகை இருப்பதால் என்பது ஏது. அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம். பிறகு அதை இந்த மலைக்குப் பொருத்துவது உபநயம், முடிவாகச் சொல்வது நிகமனம். மகளின் மஞ்சள் தாளில் இருக்கும் நான்கையும் இந்த ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு வித்தியாசம் எனக்குப் பெரிதாகப் பட்டது. அந்த அடுக்களை. மலையில் நெருப்பை நான் பார்க்கவில்லை, புகையை மட்டும்தான் பார்க்கிறேன். புகை இருந்தால் நெருப்பு இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? வீட்டு அடுப்படியில் இரண்டையும் சேர்த்துப் பார்த்திருக்கிறேன், அதனால் தெரியும். சான்றிலிருந்து முடிவுக்குப் போகும் பாலத்துக்கு, இரண்டையும் சேர்த்துக் கண்ட ஓர் இடத்தைக் காட்டவேண்டும். ‘விளக்கம்’ என்று பொதுவாகச் சொன்னால் பிள்ளைகள் சான்றையே இன்னும் இரண்டு வரி நீட்டி எழுதிவிடுகிறார்கள். உன் அடுக்களை எது என்று கேட்டால் நீட்ட முடியாது.

என் அடுக்களை எது? எண் இறங்கினால் மொழி வீட்டைவிட்டுப் போய்விடும் என்கிறேன். சிங்கப்பூரிலேயே அப்படி நடந்தது உண்டா? உண்டு என்று முதலில் தோன்றியது. சீன வட்டார மொழிகள். 2010-இல் 14.3 விழுக்காடு, 2020-இல் 8.7. எங்கள் புளோக்கில் ஹொக்கியன் பேசும் பாட்டிகளும் அது தெரியாத பேரப்பிள்ளைகளும் ஒரே மின்தூக்கியில் நிற்பதை நானே பார்க்கிறேன். இதுதான் என் அடுக்களை என்று எழுதத் தொடங்கி, இரண்டு பத்தி தாண்டியதும் கை நின்றுவிட்டது. 1979-இல் மாண்டரின் பேசும் இயக்கம் தொடங்கியது முதல், வட்டார மொழிகளை விட்டு மாண்டரினுக்கு வாருங்கள் என்று அரசாங்கமே சொல்லிவந்தது. பள்ளியில் அவற்றுக்கு இடமில்லை. தமிழோ நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று, பள்ளியில் பாடம், தொலைக்காட்சி உண்டு, 1935 முதல் தமிழ் முரசு உண்டு. என் அடுக்களையில் எரிந்த விறகு வேறு. மணிமேகலையிலேயே இதற்குப் பெயர் இருக்கிறது: திட்டாந்தப் போலி. அந்த இரண்டு பத்தியையும் எடுத்தேன். எடுத்த பிறகு ஒன்று மிஞ்சியது. பள்ளி கைவிட்ட மொழி எப்படிப் போகும் என்பதற்கு அது சாட்சியே தவிர, பள்ளி கைவிடாத மொழி எப்படிப் போகும் என்பதற்கு இல்லை. என் வாதம் அங்கேதான் சுருங்கியது. ‘தமிழ் அழிகிறது, எழுத்தைக் குறைத்துப் பேச்சைக் கூட்டுங்கள்’ என்பது போய், ‘ஆங்கிலம் அதிகம் புழங்கும் வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு, தொடக்கப்பள்ளியின் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில், பேச்சு முன்னால் வரட்டும்’ என்று வந்து நின்றது. சுருங்கியதில் எனக்கு வருத்தம் இல்லை. மழுப்புவதும் சுருக்குவதும் வேறு வேறு. ‘ஓரளவு’, ‘சில வேளைகளில்’ என்று தண்ணீர் ஊற்றினால் மழுப்பல். எந்தப் பிள்ளை, எந்த வயது, எவ்வளவு நாள் என்று சொன்னால், தப்பு என்று காட்ட ஒருவருக்கு இடம் கொடுக்கிறேன். அந்த இடம் இல்லாத கூற்று எனக்கு இப்போதெல்லாம் வாதமாகவே தெரிவதில்லை.

சார்

இவ்வளவுக்குப் பிறகும் சிவப்பு வட்டம் அப்படியே இருந்தது. யார்? ஒரு நாள் மாலை புளோக்கின் கீழ்த்தளத்தில், கல்மேசையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த சாரைப் பார்த்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், நாலு மாடி கீழே இருக்கிறார். பேச்சுத் தமிழைப் பள்ளியில் முதன்மையாக வைப்பது பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று எனக்கு நன்றாகவே தெரியும். பல தடவை சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் என் ‘சிலர்’ இவர்தான். பழமையில் ஊறியவர் என்று இவர் முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியுமா? என் மகனுக்குக் காசு வாங்காமல் உயிர்மெய் சொல்லிக்கொடுத்தவர். அந்தப் பன்மைச் சொல்லுக்குள் நான் எதை ஒளித்து வைத்திருந்தேன் என்று அப்போது தெரிந்தது. ‘சிலர்’ என்று எழுதினால் அவர்கள் பதில் சொல்ல வரமாட்டார்கள். ஒரு மனிதரை நினைத்து எழுதினால் அவர் எழுந்து வந்து பேசுவார்.

மறுவாரம் அவர் கட்சியை ஒரு பத்தியாக எழுதி எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) வாங்கிவந்து வைத்துவிட்டு, “சார், நீங்க சொல்றதை நான் சரியா எழுதியிருக்கேனான்னு பாருங்க,” என்று வாசித்தேன். 2005-இல் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு சொன்ன பிறகு பேச்சுத் தமிழ் ஏற்கெனவே வகுப்புக்குள் வந்துவிட்டது, இனி முதலிடமும் அதற்கே என்றால் எழுத்து எங்கே போகும். பேச்சைப் பாட்டியிடமோ பக்கத்து வீட்டிலோ தொலைக்காட்சியிலோ பிடித்துக்கொள்ளலாம், எழுத்தைப் பள்ளி தவிர யாரும் கொடுக்கப்போவதில்லை. யாழ்ப்பாணத்துக்காரரும் ஈப்போக்காரரும் தஞ்சாவூர்க்காரரும் ஒரே பக்கத்தைப் படிக்க முடிவது எழுத்துத் தமிழால்தான். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். “நல்லாத்தான்மா சொல்லியிருக்க. ஆனா எனக்குப் பயம் எதுன்னு சொல்லல,” என்றார். “எழுத்தை மூணு வருஷம் தள்ளி வைக்கிறேன்னு சொல்ற. மூணு வருஷம் கழிச்சு அது கஷ்டம்னு இன்னும் மூணு வருஷம் தள்ளுவாங்க. நான் வகுப்புல பாத்திருக்கேன். தள்ளி வச்சது எதுவும் திரும்பி வந்ததில்ல.” அந்த வரியை அப்படியே எழுதிச் சேர்த்துக்கொண்டேன். என் கட்டுரையில் இருக்கும் மிக வலுவான எதிர்வாதம் அதுதான், அதற்கு என்னிடம் பாதிப் பதில்தான் இருக்கிறது. பாதிதான் என்று கட்டுரையிலும் எழுதியிருக்கிறேன்.

கடைசியாக ஒரு சான்றில் இருவரும் மாட்டிக்கொண்டோம். மகள் எம்ஆர்டியில் வரும்போது பாட்டிக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவாள், இன்று நேரமாகும், காத்திருக்காமல் சாப்பிடுங்கள் என்று. பேச்சுத் தமிழ் பிள்ளைகள் கையில் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதை என் கட்டுரையில் சான்றாக வைத்திருந்தேன். சார் சிரிக்காமல் கேட்டார்: “அவ ஏன் எழுதி அனுப்பல? எழுத வராது. இது உன் சான்று இல்ல, என் சான்று.” எனக்கு வாயடைத்துவிட்டது. அவர் சொல்வதும் சரியாகத்தான் பட்டது. ஒரே குரல் பதிவு, இரண்டு முடிவு. வீட்டுக்கு வரும்வரை மின்தூக்கியில் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். மகளிடம் நேராகவே கேட்டேன், பாட்டிக்கு ஏன் எழுதாமல் பேசி அனுப்புகிறாய் என்று. “முதல்ல டைப் பண்ணித்தான் அனுப்பிட்டு இருந்தேன். தமிழ்லதான். பாட்டிதான் பேசி அனுப்பச் சொன்னாங்க. மத்தியானம் வீட்ல யாரும் இல்லாதப்ப திரும்பத் திரும்பப் போட்டுக் கேப்பாங்களாம்.” போனை எடுத்துக் காட்டினாள். மார்ச் மாதம் வரைக்கும் தமிழ் எழுத்தில் சின்னச் சின்னச் செய்திகள், ஒற்று அங்கங்கே விட்டுப்போய். அதற்குப் பிறகு எல்லாம் குரல் பதிவு. நானும் சாரும் கல்மேசையில் அவளை வைத்து அவ்வளவு நேரம் வாதிட்டோம், அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை. மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும் முன் கணினியைத் திறந்து, அந்தச் சான்று இருந்த பத்தியை எடுத்துவிட்டேன். சாருக்கும் சொல்லவேண்டும், இன்று மாலை பேப்பர் படிக்க வருவார்.